கோப்பு சர்வருக்குப் போகவில்லையா? எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்

உங்கள் கணினியிலிருந்து ஒரு கோப்பு சர்வருக்கு, அதாவது வலையமைப்பில் இருக்கும் தொலைக் கணினிக்கு, போய்ச் சேர ஐந்து படிகளைத் தாண்ட வேண்டும். முதலில் சர்வரின் முகவரி கிடைக்க வேண்டும். அடுத்து அதன் போர்ட், அதாவது அந்தச் சேவைக்கான எண்ணிட்ட வாசல், திறக்க வேண்டும். உங்களை இன்னார் என்று அது ஏற்றுக்கொள்ள வேண்டும். தரவு போவதற்கான பாதை அமைய வேண்டும். கடைசியாக, கோப்பு முழுதாக வட்டில் எழுதப்பட வேண்டும். பிழை எதுவானாலும் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது, மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது என்று கைக்கு வந்ததைச் செய்வதற்கு முன், எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதைச் சொல்வது லாக், அதாவது மென்பொருள் ஒவ்வொரு செயலையும் எழுதிவைக்கும் பதிவு. கோப்புகளை அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவில் மேல்பகுதியில் வரிவரியாக ஓடுவது அதுதான். டெர்மினலில், தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச், அதன் மேல் கோப்புகளை அனுப்பும் எஸ்எஃப்டிபி ஆகிய கட்டளைகளோடு ஹைஃபன் வி சேர்த்தால் ஒவ்வொரு படியும் திரையில் வரும். சிவப்பில் தெரியும் கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு மேலே கடைசியாக வெற்றி பெற்ற வரி எது என்று பாருங்கள். காரணம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: நீங்கள் பயன்படுத்துவது எஃப்டிபியா, எஃப்டிபிஎஸ்ஸா, எஸ்எஃப்டிபியா? மூன்றும் கோப்புகளை அனுப்பும் நெறிமுறைகள். எஃப்டிபி பழையது. அதன் முதல் வரைவை 1971-ல் எழுதியவர் அபய் பூஷண். அது போர்ட் 21-ல் பேசும், பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பும். அதற்கு மறையாக்கம் சேர்த்தால் எஃப்டிபிஎஸ். எஸ்எஃப்டிபி பெயரில்தான் ஒத்திருக்கிறது. அது எஸ்எஸ்எச்சின் மேல் போர்ட் 22-ல் ஓடும் தனி நெறிமுறை. சர்வர் ஒன்றை எதிர்பார்க்க, நீங்கள் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் வேறு எதைச் சரிசெய்தும் பலன் இல்லை. தேர்வு உங்கள் கையில் இருந்தால் எஸ்எஃப்டிபியை எடுங்கள். கீழே வரும் தொல்லைகளில் ஒரு பெரிய பகுதி அத்தோடு தீர்ந்துவிடும்.

இணைப்பே கிடைக்கவில்லை

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்பதும் 'டைம்டு அவுட்' என்பதும் ஒன்றல்ல. ரெஃப்யூஸ்ட் வந்தால் பெரும்பாலும் நல்ல செய்திதான். அந்த முகவரியில் ஒரு கணினி இருக்கிறது, பதிலும் சொல்கிறது, ஆனால் நீங்கள் தட்டிய போர்ட்டில் யாரும் இல்லை. போர்ட் எண் தவறு, அல்லது சர்வரில் அந்தச் சேவை ஓடவில்லை. டைம்டு அவுட் என்றால் பதிலே வரவில்லை. முகவரி தவறாக இருக்கலாம், அல்லது வழியில் ஒரு ஃபயர்வால், அதாவது இணைப்புகளை வடிகட்டும் தடுப்பு, உங்கள் தரவை ஓசையில்லாமல் கீழே போடுகிறது. உங்கள் அலுவலக இணைப்பில்தான் அந்த ஃபயர்வால் இருக்கிறதா என்று அறிய எளிய வழி, செல்போன் இணைப்புக்கு மாறி ஒருமுறை முயல்வது.

ஹோஸ்ட் பெயரே கிடைக்கவில்லை என்று வந்தால், முகவரிக் கட்டத்தில் எச்டிடிபி என்ற முன்னொட்டையும் சாய்வுக்கோட்டையும் சேர்த்து ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வெறும் பெயர் மட்டும் போதும்.

காலையில் வேலை செய்தது, பாஸ்வேர்டை நான்கைந்து முறை தவறாகப் போட்டேன், இப்போது இணைப்பே கிடைக்கவில்லை என்றால் சர்வர் உங்கள் ஐபி முகவரியைத் தடை செய்திருக்கும். பல சர்வர்களில் இருக்கும் ஃபெயில்டூபேன் என்ற காவல் மென்பொருள், மாற்றாமல் விட்டால், 5 தவறுக்கு 10 நிமிடத் தடை போடும். திரும்பத் திரும்ப முயலாமல் காத்திருங்கள். முக்கியமாக, பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு பின்னணியில் தானாக முயலும் மென்பொருள் ஏதும் இருந்தால் நிறுத்துங்கள். தடை விலகியதும் அதுவே மறுபடி வாங்கிக்கொடுக்கும்.

பிரவுசரில் எஃப்டிபி முகவரி திறக்கவில்லை என்றால் அது பிழை அல்ல. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-ல் அந்த வசதியையே நீக்கிவிட்டன. தனி மென்பொருள் வேண்டும்.

உள்ளே விட மறுக்கிறது

எஃப்டிபியில் 530 என்ற எண் வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் சேர்ந்துவிடுவது அடிக்கடி நடப்பது. சில சேவைகளில் பயனர் பெயர் முழு மின்னஞ்சல் வடிவில் இருக்கும். அதையும் பாருங்கள்.

எஸ்எஃப்டிபியில் 'பெர்மிஷன் டினைடு' என்பதோடு அடைப்புக்குறிக்குள் 'பப்ளிக்கீ' என்று மட்டும் இருந்தால், சர்வர் பாஸ்வேர்டையே கேட்கவில்லை, சாவிக் கோப்பைத்தான் எதிர்பார்க்கிறது. அப்போது பார்க்க வேண்டியவை சில. உங்கள் கணினியில் தனிச்சாவியின் பெர்மிஷன் 600 ஆக, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிவதாக, இருக்க வேண்டும். மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால், பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொடவே தொடாது. சர்வர் பக்கம் புள்ளி எஸ்எஸ்எச் கோப்புறை 700, அதற்குள் அனுமதிச் சாவிகள் உள்ள கோப்பு 600. பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு: உங்கள் ஹோம் கோப்புறையில் மற்றவர்கள் எழுதலாம் என்று இருந்தாலும் சர்வர் சாவியை மறுக்கும். 'எல்லாவற்றுக்கும் 777 (யாரும் எதையும் செய்யலாம்) போட்டேன், அதன்பின் உள்ளேயே போக முடியவில்லை' என்று சொல்பவர்களுக்கு நடந்தது இதுதான்.

விண்டோஸில் பலர் பயன்படுத்தும் புட்டி மென்பொருளுக்காக உருவாக்கிய பிபிகே சாவியை ஓபன்எஸ்எஸ்எச் படிக்காது. புட்டியின் துணைக் கருவியான புட்டிஜென்னில் திறந்து ஓபன்எஸ்எஸ்எச் வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். வருடக்கணக்கில் வேலை செய்த சாவி கணினியைப் புதுப்பித்த பிறகு நின்றுபோனால், 2021-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 பழைய எஸ்எச்ஏ-1 வகை ஆர்எஸ்ஏ கையொப்பத்தை நிறுத்தியதுதான் பெரும்பாலும் காரணம். பழையதை மறுபடி அனுமதிக்கும் அமைப்பு இருக்கிறது. ஆனால் எட்25519 வகையில் புதுச் சாவி உருவாக்கிச் சர்வரில் சேர்ப்பதுதான் நல்லது. ஐந்து நிமிட வேலை.

சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை

முதல் முறை இணையும்போது சர்வரின் ஹோஸ்ட் கீயை, அதாவது அதன் அடையாளச் சாவியை, உங்கள் கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வேறு சாவி வந்தால் கத்துகிறது. சர்வரை மறுபடி நிறுவியிருந்தாலோ, அதே முகவரி வேறு கணினிக்குப் போயிருந்தாலோ இது இயல்பு. ஆனால் நடுவில் யாரோ சர்வரைப் போல நடித்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். ஆகவே முதலில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள், முடிந்தால் சாவியின் கைரேகையை வாங்கி ஒப்பிடுங்கள். உறுதியான பிறகு எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் கேப்பிடல் ஆர் போட்டு அந்த முகவரியைக் கொடுத்தால் பழைய பதிவு நீங்கும். அவசரத்தில் இதைச் சரி, சரி என்று அழுத்திப் பழகிவிட வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

லாகின் ஆகிறது, கோப்புப் பட்டியல் வரவில்லை

எஃப்டிபியில் ஆட்களை அதிகம் குழப்புவது இது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, அப்புறம் அப்படியே நின்று, மாற்றாமல் விட்ட ஃபைல்ஜில்லாவில் 20 விநாடி கழித்துத் தோல்வி என்கிறது. லாகின் ஆகிறதே, பிறகு என்ன?

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். போர்ட் 21-ல் பேச்சு மட்டும் நடக்கிறது. பட்டியலோ கோப்போ வருவதற்கு ஒவ்வொரு முறையும் தனி இணைப்பு. ஆக்டிவ் முறையில் அந்த இரண்டாம் இணைப்பைச் சர்வர் உங்கள் கணினியை நோக்கித் தொடங்கும். ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு அது அநேகமாக வந்து சேராது. பாஸிவ் முறையில் சர்வர் ஒரு போர்ட்டைத் திறந்து எண்ணைச் சொல்லும், நீங்கள் போய் இணைய வேண்டும். ஆகவே முதல் வேலை, அமைப்பில் பாஸிவைத் தேர்ந்தெடுப்பது.

பாஸிவிலும் நின்றால் லாக்கில் 227 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் அடைப்புக்குறிக்குள் ஆறு எண்கள் இருக்கும். முதல் நான்கும் ஐபி முகவரி. ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட். 192,168,1,10,195,80 என்று வந்தால் முகவரி 192.168.1.10, போர்ட் 50000. இந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. 192.168 என்றும் 10 என்றும் தொடங்குபவை உள் வலையமைப்பு முகவரிகள், வெளியிலிருந்து அங்கே யாரும் போக முடியாது. சர்வர் தன் வெளி முகவரியைத் தெரியாமல் உள்முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சர்வர் அமைப்பில் பாஸிவ் முகவரியை வெளி ஐபியாக மாற்ற வேண்டும். முகவரி சரியாக இருந்தும் நின்றால், பாஸிவுக்கு ஒதுக்கிய போர்ட் வரம்பு ஃபயர்வாலில் திறக்கப்படவில்லை. போர்ட் 21-ஐ மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

'சாதா எஃப்டிபியில் பட்டியல் வருகிறது, எஃப்டிபிஎஸ் போட்டால் வரவில்லை' என்பதும் இதே குடும்பம். சில ரூட்டர்கள் போர்ட் 21-ல் ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்டு முகவரியைத் திருத்தி, தேவையான போர்ட்டையும் திறந்துவிடும். மறையாக்கம் வந்ததும் அவற்றால் படிக்க முடியாது, உதவியும் நின்றுபோகும். ஆக, குறை முன்பே இருந்தது, ரூட்டர் மறைத்து வைத்திருந்தது. எஸ்எஃப்டிபியில் எல்லாம் ஒரே இணைப்பில் போவதால் இந்தத் தொல்லையே கிடையாது.

எஸ்எஃப்டிபிக்கு வேறொரு விசித்திரம் உண்டு. எஸ்எஸ்எச்சில் உள்ளே போக முடிகிறது, எஸ்எஃப்டிபியில் மட்டும் 'ரிசீவ்டு மெசேஜ் டூ லாங்' என்று ஒரு பெரிய எண்ணோடு அறுந்துவிடுகிறது. அந்த எண் 1466264675 என்று வைத்துக்கொள்வோம். அதை நான்கு பைட்டுகளாகப் பிரித்தால் வெல்கம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள். சர்வரில் நுழைந்ததும் தானாக ஓடும் உங்கள் பாஷ் தொடக்கக் கோப்பு வரவேற்பு வாசகம் ஒன்றை அச்சிடுகிறது. அந்த எழுத்துகளை எஸ்எஃப்டிபி, வரப்போகும் செய்தியின் நீளம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த அச்சிடும் வரியை நீக்கினால் சரியாகிவிடும்.

அப்லோடு மறுக்கப்படுகிறது

550, 553, 'பெர்மிஷன் டினைடு' எல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கும்: அந்தக் கோப்புறை யாருடையது? புதுக் கோப்பு உருவாக்கக் கோப்புறையில் எழுதும் உரிமை வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுத அந்தக் கோப்பிலேயே உரிமை வேண்டும். இணையதளத்தின் வழியாக உருவான கோப்புகள் வெப் சர்வரின் பெயரில் இருக்கும், நீங்கள் வேறு பெயரில் நுழைந்திருப்பீர்கள். அதனால்தான் ஒரே கோப்புறையில் சிலவற்றை மாற்ற முடிகிறது, சிலவற்றை முடிவதில்லை. தீர்வு உரிமையாளரையோ குழுவையோ சரிசெய்வது. கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 என்பது பொதுவான அளவு. 777 போட்டால் தற்காலிகமாக ஓடும். ஆனால் அந்த சர்வரில் இருக்கும் எந்த நிரலும் உங்கள் கோப்பை மாற்றலாம் என்று எழுதிக்கொடுத்தது போல் ஆகும்.

எஸ்எஃப்டிபி வெறுமனே 'ஃபெயிலியர்', பிழை எண் 4 என்று சொன்னால் முதலில் இடத்தைப் பாருங்கள். வட்டு நிறைந்தாலும், உங்கள் ஒதுக்கீடு தீர்ந்தாலும், ஏற்கெனவே இருக்கும் பெயருக்கு மாற்ற முயன்றாலும் இதே ஒரு சொல்தான் வரும். எஃப்டிபியில் ஒதுக்கீடு தீர்ந்ததற்கு 552 என்று தனி எண்ணே இருக்கிறது. சர்வரில் டிஎஃப் ஹைஃபன் எச் போட்டால் மீதி இடம் தெரியும். இடம் நிறைய இருந்தும் இடமில்லை என்கிறதா? டிஎஃப் ஹைஃபன் ஐ போட்டுப் பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. லட்சக்கணக்கான சின்னஞ்சிறு தற்காலிகக் கோப்புகள், கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் ஐநோடு என்ற பதிவுகளைத் தின்றுவிட்டிருக்கும்.

பாதியில் அறுகிறது

சும்மா இருக்கும்போது அறுந்தால் ரூட்டர் பேச்சில்லாத இணைப்பை வெட்டுகிறது. எஸ்எஸ்எச் அமைப்பில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்று வையுங்கள். பெரிய கோப்பு 100 விழுக்காடு வரை போய்விட்டுக் கடைசியில் பிழை காட்டினால், எஃப்டிபியில் தரவு இணைப்பு ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பேச்சு இணைப்பு மௌனமாக இருந்து வெட்டுப்பட்டிருக்கும். கோப்பு முழுதாகவே போயிருக்கலாம், அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

421 வந்து இணைப்புகள் அதிகம் என்றால், ஒரே நேரப் பரிமாற்றத்தை 1 ஆகக் குறையுங்கள். பெரிய கோப்புகளுக்கு, இரு இடங்களின் கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவியில் கேப்பிடல் பி விருப்பத்தைச் சேர்த்தால், அறுந்தால் பாதிக் கோப்பு தங்கும், மீண்டும் ஓட்டும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சர்வரில் ஃபைல்பார்ட் என்ற பின்னொட்டோடு கோப்பு கிடந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸில் ஓடும் பரிமாற்ற மென்பொருளான வின்எஸ்சிபி 100 கேபிக்கு மேற்பட்டவற்றைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி முடித்த பிறகே பெயரை மாற்றும். அது முடியாத பரிமாற்றத்தின் மிச்சம்.

வந்து சேர்ந்தது, ஆனால் கெட்டுப்போயிருக்கிறது

படமும் ஜிப்பும் திறக்காமல் போய், அளவில் சிறு வித்தியாசம் இருந்தால் எஃப்டிபி ஆஸ்கி முறையில் போயிருக்கிறது. வரி முடிவுக் குறிகளை அது மாற்றும். உரைக்கு அது உதவி, படத்துக்கு நாசம். பைனரி என்று நிரந்தரமாக வைத்துவிடுங்கள். இதன் மறுபக்கம்: விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் 'பேட் இன்டர்பிரெட்டர்' என்று நின்றால் வரி முடிவில் கூடுதலாக ஒரு குறி இருக்கிறது. டாஸ்டூயூனிக்ஸ் என்ற கட்டளை அதை நீக்கும்.

அளவு ஒன்றாக இருப்பது உள்ளடக்கம் ஒன்று என்பதற்குச் சான்று அல்ல. முக்கியமான கோப்பென்றால் இரு பக்கமும், உள்ளடக்கத்திலிருந்து ஒரு சரிபார்ப்புக் குறியைக் கணக்கிடும் எஸ்எச்ஏ256சம் கட்டளையை ஓட்டி, வரும் 64 எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். அது முடியும்வரை மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

தமிழ்ப் பெயர் உள்ள கோப்புகள்

இதைப் பற்றி ஆங்கில வழிகாட்டிகளில் அதிகம் கிடைக்காது, நமக்கோ அடிக்கடி வருவது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர் முழுக்கத் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறிமுறையில் எழுதிய பெயரை மென்பொருள் வேறு குறிமுறையில் படிக்கிறது. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள், அந்த மூன்றும் மூன்று தனி எழுத்துகளாகத் தெரிகின்றன. ஃபைல்ஜில்லாவின் சைட் மேனேஜரில் எழுத்துக் குறிமுறைப் பக்கத்தில் யூடிஎஃப்-8-ஐக் கட்டாயமாக்குங்கள்.

விண்டோஸில் இருக்கும் கோப்பு லினக்ஸ் சர்வரில் 'பெயர் நீளமாக இருக்கிறது' என்று மறுக்கப்படலாம். லினக்ஸில் பெரும்பாலான கோப்பு முறைமைகளின் வரம்பு 255 பைட். தமிழில் அது 85 குறிகள்தான். புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியே கணக்கில் வரும்: 'கோப்பு' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஆறு குறி, வட்டில் 18 பைட். ஒரு முழு வாக்கியத்தைப் பெயராக வைத்தால் எளிதில் தாண்டிவிடும்.

மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கடினம். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் சர்வரில் நிற்கும். அல்லது கண்ணெதிரே இருக்கும் கோப்பை 'இல்லை' என்று சர்வர் சொல்லும். ொ, ோ, ௌ ஆகிய உயிர்க்குறிகளை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து வந்த 'கோப்பு' 21 பைட், விண்டோஸில் தட்டிய 'கோப்பு' 18 பைட். திரையில் இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. மேக்கிலிருந்து ஆர்சிங்க் செய்யும்போது ஐகான்வ் விருப்பத்தில் யூடிஎஃப்-8-மேக், யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் வழியிலேயே சேர்ந்துவிடும். ஏற்கெனவே சர்வரில் இருப்பவற்றைக் கான்வ்எம்வி கருவியின், பிரிந்த குறிகளைச் சேர்க்கும் என்எஃப்சி விருப்பம் சரிசெய்யும். நோடெஸ்ட் என்று சேர்க்காதவரை அது எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். முதலில் அப்படி ஓட்டிப் பாருங்கள்.

மிக மெதுவாகப் போகிறது

வேகத்தை மெகாபிட்டில் விற்கிறார்கள், மென்பொருள் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். அப்லோடு வேகம் டவுன்லோடைவிடக் குறைவான இணைப்புகளும் நிறைய.

கணக்கு சரியாக இருந்தும் ஊர்ந்தால் கோப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 5 கேபி அளவில் 10,000 கோப்புகள் மொத்தம் 50 எம்பி, 10 மெகாபிட் இணைப்பில் 40 விநாடி வேலை. ஆனால் எஃப்டிபி ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு முறை சர்வரோடு பேசி, ஒரு பேச்சுக்கு 150 மில்லி விநாடி ஆனால், பேச்சுக்கு மட்டும் 100 நிமிடம் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி அனுப்பி அங்கே பிரியுங்கள்.

ஏற்றியது தெரியவில்லை

என் கணினியில் படம் தெரிகிறது, சர்வரில் இல்லை என்றால் பெயரில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் இருக்கும். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பார்க்கும். புள்ளியில் தொடங்கும் கோப்புகள் மறைந்திருக்கும். ஃபைல்ஜில்லாவின் சர்வர் மெனுவில் மறைந்தவற்றைக் காட்டும் தேர்வு உண்டு. பழைய பக்கமே வந்தால் பிரவுசரின் கேஷைக் கடந்து பார்த்துவிட்டு, நீங்கள் ஏற்றிய கோப்புறைதான் தளம் படிக்கும் கோப்புறையா என்று சரிபாருங்கள்.

ஆர்சிங்க் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அனுப்புகிறது

ஆர்சிங்க் அளவையும் நேரத்தையும் வைத்துத்தான் மாறியதைக் கண்டுபிடிக்கிறது. ஹைஃபன் ஆர் மட்டும் போட்டால் நேரம் காக்கப்படாது, அடுத்த முறை எல்லாமே புதிதாகத் தெரியும். ஹைஃபன் ஏ போடுங்கள். சேருமிடம் ஃபேட் வகை வட்டு என்றால் அது நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். மாடிஃபை விண்டோ விருப்பத்தை 1 என்று வையுங்கள்.

கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை உருவாகியிருந்தால் மூலப் பாதையின் கடைசியில் சாய்வுக்கோடு விட்டுப்போயிருக்கிறது. சாய்வுக்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் கோப்புறையே போகும். மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்தில் அழிக்கும் டிலீட் விருப்பத்தோடு, தேவையில்லாத இடத்தில் சாய்வுக்கோடு போட்டுவிட்டால் சேருமிடக் கோப்புறையில் இருந்த மற்றவை அழிந்துபோகும். டிலீட் உள்ள எந்தக் கட்டளையையும் ஹைஃபன் என் சேர்த்து முதலில் வெறும் ஒத்திகையாக ஓட்டி, அழிக்கப்போகும் பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டு, அப்புறம் அந்த ஹைஃபன் என்னை எடுங்கள்.